விடை தெரிந்த மூளை: வெண்பொருள் இழைகளின் டிஃப்யூஷன் சிக்னலைக் கணினியில் உருவாக்குதல்

உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளைக்குள் ஆக்ஸான்கள் எவ்வளவு தடிமன், எந்த இழைக்கற்றை எதை எந்தக் கோணத்தில் குறுக்கிடுகிறது என்பதை நேரில் பார்த்துச் சொல்ல வழியில்லை. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. தருவது நீர் மூலக்கூறுகளின் அலைச்சலைப் பற்றிய சிக்னலை மட்டுமே. அதிலிருந்து இழைகளைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் ஊகம். அந்த ஊகம் சரியா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். இழைகளை நாமே அடுக்கி, நீரை நாமே அலையவிட்டு, ஸ்கேனர் அளந்திருக்கக்கூடிய சிக்னலைக் கணக்கிடும்போது அப்படியொரு கணக்கு கிடைக்கிறது. பைத்தான் ஓரளவு தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். இந்த அத்தியாயத்தில் வரும் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண மடிக்கணினியே போதும். ஸ்கேனர் பக்கமே போக வாய்ப்பில்லாத மாணவருக்கு இந்தத் துறையில் திறந்திருக்கும் பெரிய வாசல் இதுதான்.

தொடங்குமுன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். “மூளையை அப்படியே கணினிக்குள் கொண்டுவரப் போகிறேன்” என்பது கேள்வியாகாது. “60 டிகிரியில் குறுக்கிடும் இரண்டு கற்றைகளை என் முறை பிரித்துக் காட்டுமா?” என்பது கேள்வி. “இந்த ஸ்கேனரில் 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஆக்ஸானுக்கும் 2 மைக்ரோமீட்டர் ஆக்ஸானுக்கும் சிக்னலில் வித்தியாசம் தெரியுமா?” என்பதும் கேள்வி. முதல் கேள்விக்கு நான்கு வரி நிரல் போதும். இரண்டாவதற்கு ஒரு பக்கக் கணக்கு போதும். இரண்டுக்குமே தேவையில்லாத, ஒவ்வொரு நீர்த்துளியையும் சமவாய்ப்பாக நகர்த்திப் பார்க்கும் பெரிய மான்டே கார்லோ நிரலை எழுதி மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. கேள்வி எதைக் கேட்கிறதோ அது மட்டும் இருக்கிற மிக எளிய மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே போகிறது.

ஸ்கேனர் செய்யும் வேலை

எட்வர்ட் ஸ்டெய்ஸ்கலும் ஜான் டேனரும் 1965-இல் விவரித்த முறைதான் இன்றும் பெரும்பாலான ஸ்கேன்களின் அடிப்படை. ஒரு திசையில் காந்தப்புலம் சீராகக் கூடிக்கொண்டே போகும்படி ஒரு கிரேடியன்ட் துடிப்பு கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் அணுக்கருவும் தான் நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஒரு கட்டத்தை (phase) சேர்த்துக்கொள்கிறது. பிறகு 180 டிகிரி ரேடியோத் துடிப்பு அந்தக் கட்டத்தைத் தலைகீழாக்குகிறது. அதன்பின் அதே கிரேடியன்ட் மறுபடியும் வருகிறது. மூலக்கூறு நகராமல் இருந்தால் சேர்த்த கட்டம் முழுதும் கழிந்துவிடும். நகர்ந்திருந்தால், அந்தத் திசையில் நகர்ந்த தூரத்துக்கு ஏற்ற மிச்சம் நிற்கும். கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் மிச்சங்கள் வெவ்வேறாக இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை சுருங்குகிறது. நாம் அளக்கும் சிக்னல் வீழ்ச்சி இதுதான்.

அந்த வீழ்ச்சி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை நிர்ணயிப்பது பி-மதிப்பு. கைரோமேக்னெடிக் விகிதம், கிரேடியன்ட் வலிமை, துடிப்பின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அந்தப் பெருக்கத்தை வர்க்கமாக்குங்கள். இரண்டு துடிப்புகளின் தொடக்கங்களுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து துடிப்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, வரும் நேரத்தால் அதைப் பெருக்கினால் பி-மதிப்பு.

அலகு விஷயத்தில் இங்கேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். நீளம் எல்லாம் மைக்ரோமீட்டர், நேரம் எல்லாம் மில்லிநொடி, கிரேடியன்ட் எல்லாம் மீட்டருக்கு மில்லிடெஸ்லா. இந்த அலகுகளில் ஹைட்ரஜனின் கைரோமேக்னெடிக் விகிதம் 0.0002675 ரேடியன். மனித உடல் வெப்பத்தில் தடையற்ற நீரின் விரவல் (டிஃப்யூஷன்) கெழு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 3 சதுர மைக்ரோமீட்டர். ஸ்கேனர் அறையில் சொல்லப்படும் “பி 1000” என்பது இங்கே வெறும் 1. எண்கள் எல்லாம் ஒன்றை ஒட்டி இருப்பதால் பத்தின் அடுக்கில் வரும் பிழைகள் கண்ணுக்கு உடனே தெரியும்.

ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். கிரேடியன்ட் 40 மில்லிடெஸ்லா, துடிப்பு 20 மில்லிநொடி, இடைவெளி 40 மில்லிநொடி. முதல் பெருக்கம் 0.214. அதன் வர்க்கம் 0.0458. அதை 33.33-ஆல் பெருக்கினால் 1.53. அதாவது ஸ்கேனர் மொழியில் பி 1530. உங்கள் நிரல் இந்த எண்ணைத் தராவிட்டால் மேலே போகாதீர்கள்.

சூத்திரமே போதும் என்ற இடங்கள்

பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனி லெ பியான் மூவரும் 1994-இல் முன்வைத்த டென்சர் மாதிரி, ஒரு வாக்ஸலுக்குள், அதாவது படத்தின் முப்பரிமாணச் சிறு கனம் ஒன்றுக்குள், விரவலை ஒரு நீள்வட்டத் திண்மமாகப் பார்க்கிறது. ஒரே திசையில் போகும் கற்றைக்கு, இழையின் நெடுக்கில் 1.7, குறுக்கில் 0.3, 0.3 என்பவை வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்கள். விரவல் எவ்வளவு திசை சார்ந்தது என்று காட்டும் பின்ன அனிசாட்ரபி 0.80 வரும். ஒரு திசையில் சிக்னல் வேண்டுமென்றால் பி-மதிப்பையும் அந்தத் திசையின் விரவல் கெழுவையும் பெருக்கி, எதிர்க்குறியிட்டு, இயல் அடுக்கில் ஏற்றினால் முடிந்தது.

குறுக்கிடும் கற்றைகளுக்கு இரண்டு டென்சர்களின் சிக்னல்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, பங்குக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டுங்கள். கூட்ட வேண்டியவை சிக்னல்கள். டென்சர்களைச் சராசரி எடுத்துவிடக் கூடாது. வெண்பொருள் வாக்ஸல்களில் 60 முதல் 90 சதவீதம் வரை ஒன்றுக்கு மேற்பட்ட இழைத்திசை கொண்டவை என்று ஜூரிசனும் சக ஆய்வாளர்களும் 2013-இல் மதிப்பிட்டார்கள். ஆகவே குறுக்கீட்டை விதிவிலக்காக நினைத்து ஒதுக்க முடியாது.

இரண்டு கற்றைகள் 90 டிகிரியில், சமப் பங்கில் குறுக்கிடுவதாக வைத்துக்கொண்டு நான்கு எண்களைக் கணக்கிடுங்கள். பி-மதிப்பு 1 என்றால், ஓர் இழையின் நெடுக்கில் சிக்னல் 0.183-க்கும் 0.741-க்கும் சராசரி, அதாவது 0.462. இரண்டு இழைகளுக்கும் நடுவே 45 டிகிரியில் 0.368. பி-மதிப்பு 3 என்றால் இழையின் நெடுக்கில் 0.206, நடுத்திசையில் 0.050.

இந்த நான்கு எண்களிலும் நின்று நிதானிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சிக்னல் மிக அதிகமாக விழுவது எந்த இழையின் திசையிலும் கிடையாது. இழையே இல்லாத நடுத்திசையில்தான். வீழ்ச்சி அதிகமான திசையில் இழை ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட நிரல், ஒற்றைக் கற்றையில் சரியாகவும் குறுக்கீட்டில் தவறாகவும் விடை தரும். இன்னொன்று, பி-மதிப்பு 1-இல் இரண்டு திசைகளுக்கும் உள்ள விகிதம் 1.26 தான், 3-இல் அது நான்கு மடங்குக்கு மேல். குறுக்கீட்டைப் பிரிக்க உயர்ந்த பி-மதிப்பு வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதன் காரணம் இந்தச் சிறு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. மனித கனெக்டோம் திட்டம் 1000, 2000, 3000 என மூன்று பி-மதிப்புகளில், ஒவ்வொன்றுக்கும் 90 திசைகளில் தரவு எடுத்ததற்கும் இதில் பங்குண்டு.

டிபை என்ற பைத்தான் நூலகத்தில் பல டென்சர் சிக்னலை உருவாக்கும் செயல்கூறு தயாராக இருக்கிறது. இருந்தாலும் முதல் தடவை நீங்களே எழுதுங்கள். பத்து வரிகூட ஆகாது. பிறகு நூலகத்தின் விடையோடு ஒப்பிடுங்கள்.

இரைச்சலைச் சேர்த்தல்

ஸ்கேனரிலிருந்து வரும் படம் பெரும்பாலும் பருமப் படம். மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி இரண்டிலும் தனித்தனியாகக் காஸியன் இரைச்சல் இருக்கும். பருமம் எடுக்கும்போது எதிர்க்குறி மறைந்து, பரவல் ரைசியனாக மாறும். ஆகவே சுத்தமான சிக்னலோடு நேரடியாகக் காஸியன் எண்ணைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டு தனித்தனிக் காஸியன் எண்களை உருவாக்கி, ஒன்றைச் சிக்னலோடு கூட்டி, இன்னொன்றைக் கற்பனைப் பகுதியாக வைத்து, இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை எடுங்கள். பல சுருள்களின் படங்களை வர்க்கக் கூட்டாகச் சேர்க்கும் ஸ்கேனர்களில் பரவல் வேறு; அங்கே சுருளுக்கு ஒரு ஜோடி எண் வேண்டும்.

இதனால் வரும் முக்கிய விளைவு, சிக்னலே இல்லாத இடத்திலும் அளவீடு சுழியாகாது. அது இரைச்சலின் திட்டவிலக்கத்தைப் போல 1.253 மடங்கில் போய் நின்றுவிடும். கிரேடியன்ட் இல்லாத படத்தில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 20 என்றால், இரைச்சல் 0.05, அடித்தளம் 0.063. மேலே நாம் கண்ட 0.050 என்ற நடுத்திசைச் சிக்னல் அந்த அடித்தளத்துக்கும் கீழே இருக்கிறது. உயர்ந்த பி-மதிப்பு கோணப் பிரிதிறனைக் கொடுத்த அதே கையால் அளவீட்டின் நம்பகத்தன்மையைப் பறித்துக்கொள்கிறது. பலமுறை அளந்து சராசரி எடுத்தாலும் இந்தச் சாய்வு போகாது, ஏனென்றால் சராசரியே தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. புதிய முறை ஒன்றை முன்வைக்கும் எவரும், இரைச்சல் விகிதம் 10, 20, 30, 50 என்று மாற்றி மாற்றி ஓட்டி முடிவுகளைக் காட்ட வேண்டும். இரைச்சலே இல்லாத சிமுலேஷனில் மட்டும் வெற்றி கண்ட முறையை நான் நம்புவதில்லை.

நீரை அலையவிடுதல்

டென்சர் மாதிரியில் சுவர் கிடையாது. ஆக்ஸானின் தடிமன், இழைகளின் நெருக்கம், வளைவு நெளிவு ஆகியவை சிக்னலை எப்படி மாற்றுகின்றன என்பது கேள்வியானால் மான்டே கார்லோவுக்குப் போக வேண்டும். கருத்து மிக எளிது. சுவர்களைக் கணினியில் கட்டுங்கள். புள்ளிகளைச் சீராகத் தூவுங்கள். ஒவ்வொரு நேரப் படியிலும் ஒவ்வொரு புள்ளியையும் சமவாய்ப்பான திசையில் ஒரு குறிப்பிட்ட நீளம் நகர்த்துங்கள். சுவரில் மோதினால் பிரதிபலிக்க விடுங்கள். ஒவ்வொரு படியிலும் கட்டத்தைச் சேர்த்து, கடைசியில் எல்லாப் புள்ளிகளின் கட்டக் கொசைன்களைச் சராசரி எடுங்கள்.

படி நீளத்தை நிர்ணயிப்பது ஐன்ஸ்டைன் 1905-இல் தந்த உறவு. முப்பரிமாணத்தில் படி நீளத்தின் வர்க்கம், விரவல் கெழுவையும் படி நேரத்தையும் பெருக்கியதன் ஆறு மடங்கு. படி நீளம் மிகச் சிறிய ஆக்ஸானின் ஆரத்தைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும். ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ஆரம் 0.5 மைக்ரோமீட்டர் என்றால் படி 0.1. விரவல் கெழு 2 என்று எடுத்தால் ஒரு படியின் நேரம் 0.00083 மில்லிநொடி. 60 மில்லிநொடி நீளமுள்ள அளவீட்டுக்கு 72,000 படிகள். ஒரு லட்சம் புள்ளிகள் என்றால் 720 கோடி நகர்வுகள், ஒவ்வொன்றிலும் சுவர்ச் சோதனை. சாதாரண பைத்தான் சுழற்சியில் இது நடக்கிற காரியமில்லை. நம்பா (Numba) நூலகம் மூலம் தொகுத்து ஓட்டுங்கள், அல்லது கிராபிக்ஸ் அட்டையைப் பயன்படுத்துங்கள். டிஸிம்பை, ஆர்.எம்.எஸ். இரண்டும் கிராபிக்ஸ் அட்டைக்காகவே எழுதப்பட்ட திறந்த நிரல்கள். கேமினோ பழையது, ஜாவாவில் எழுதப்பட்டது, இன்னும் பயன்படுகிறது.

நீங்களே எழுதுவதாக இருந்தால், பெரும் சேமிப்பு தரும் ஓர் உத்தி உண்டு. புள்ளியின் பாதை கிரேடியன்ட்டைச் சார்ந்ததில்லை. நீர் எப்படி அலைந்தாலும் அலையும். கிரேடியன்ட் அதைப் பார்க்கிறது, அவ்வளவே. ஆகவே திசைக்கு ஒரு தடவை ஓட்ட வேண்டியதில்லை. முழுப் பாதையையும் சேமிக்கவும் வேண்டாம். மேலே சொன்ன அளவுக்கு அது 170 கிகாபைட்டைத் தாண்டும். இரண்டாவது துடிப்பின்போது புள்ளி இருந்த இடங்களின் கூட்டுத்தொகையிலிருந்து முதல் துடிப்பின்போது இருந்த இடங்களின் கூட்டுத்தொகையைக் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு மூன்றே எண்கள். அந்த மூன்றிலிருந்து எந்தத் திசைக்கும் எந்தக் கிரேடியன்ட் வலிமைக்கும் உரிய கட்டத்தை ஓட்டம் முடிந்த பிறகு நிதானமாகக் கணக்கிடலாம். துடிப்பின் நீளமோ இடைவெளியோ மாறினால் மட்டும் புதிய கூட்டுத்தொகை வேண்டும்.

புள்ளிகளின் எண்ணிக்கை சிக்னலின் துல்லியத்தைத் தீர்மானிக்கிறது. சிக்னல் சிறிதாக இருக்கும்போது, சராசரியின் திட்டப்பிழை ஏறத்தாழ 0.7-ஐப் புள்ளிகளின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. ஒரு லட்சம் புள்ளிக்கு 0.0022. பத்தாயிரத்துக்கு 0.007. நீங்கள் தேடும் வித்தியாசம் 0.001 அளவில் இருந்தால் ஒரு லட்சம் போதாது. பிழையைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு புள்ளிகள் வேண்டும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

சுவரைக் கட்டும்போது ஆக்ஸானைச் சுற்றியுள்ள மையலின் உறையை மறக்காதீர்கள். மையலினுக்குள் சிக்கிய நீரின் சிக்னல் தேயும் டி-2 நேரம் 10 முதல் 20 மில்லிநொடிவரைதான். டிஃப்யூஷன் ஸ்கேனின் எதிரொலி நேரம் வழக்கமாக அதைவிடப் பல மடங்கு நீளம். எனவே அந்த நீர் அளவீட்டுக்கு வருமுன்பே மறைந்துவிடும். மையலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சிக்னல் தராது. இழையின் வெளி ஆரத்தில் உள் ஆரம் 0.7 பங்கு என்று வைத்தால், இழையின் குறுக்குவெட்டில் 51 சதவீதம் மையலின். இழைகள் 75 சதவீத இடத்தை அடைத்திருந்தால், ஆக்ஸானின் உள்ளே 36.75 சதவீதம், வெளியே 25 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் நீரில் உள்பங்கு 59.5 சதவீதம். அந்த 75-ஐயும் இந்த 59.5-ஐயும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்வது எளிது. எது எந்தப் பங்கு என்று நிரலிலேயே மாறிப்பெயரில் தெளிவாக எழுதிவையுங்கள்.

பரிசோதிக்காமல் நம்பாதீர்கள்

உண்மையான கேள்விக்குள் போகுமுன் விடை தெரிந்த சில சிறு கேள்விகளை உங்கள் நிரலிடம் கேளுங்கள். முதலில் சுவரே இல்லாமல் ஓட்டுங்கள். விரவல் கெழு 2, மேலே சொன்ன 1.53 பி-மதிப்பு என்றால் சிக்னல் 0.047 வர வேண்டும். ஒரு லட்சம் புள்ளிகளில் 0.043-க்கும் 0.051-க்கும் இடையே வந்தால் சரி. கட்டங்களின் சைன் சராசரி சுழியை ஒட்டியே இருக்க வேண்டும். அது திட்டப்பிழையைவிடப் பெரிதாக விலகினால் எங்கோ நகர்வு ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஊடுருவ முடியாத உருளைகளுக்குள் புள்ளிகளைப் போட்டு, தொடக்கத்தில் உள்ளே இருந்தவை எத்தனை, முடிவில் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூடக் குறையக் கூடாது. குறைந்தால் பிரதிபலிப்பில் ஓட்டை இருக்கிறது. மோதும் இடத்தைத் தசமத் துல்லியப் பிழை ஒரு துளி சுவருக்கு வெளியே தள்ளிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஒரே படியில் இரண்டு மூன்று முறை மோதும் புள்ளிகளையும் கவனியுங்கள். மீதமுள்ள தூரம் தீரும்வரை பிரதிபலிப்பு தொடர வேண்டும்.

வெளிப்பக்கத்துக்கு அழகான ஒரு சோதனை உண்டு. ஒரே அளவுள்ள உருளைகளை அறுகோண ஒழுங்கில் அடுக்கி, அவை பாதி இடத்தை அடைக்கும்படி வையுங்கள். நீண்ட நேரத்தில் குறுக்குவெட்டு விரவல் கெழு, தடையற்ற மதிப்பை 1.5-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்க வேண்டும். மின்கடத்தல் கணக்கிலிருந்து வந்த பழைய முடிவு இது. பல மாதிரிகள் எளிமைக்காக இந்த இடத்தில் அடர்வை ஒன்றிலிருந்து கழித்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் பாதி என்று வரும். எந்த எளிமைப்படுத்தல் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை இப்படிப்பட்ட சோதனைகள்தான் சொல்லும்.

எல்லையையும் பாருங்கள். நீங்கள் கட்டும் பரப்பு சில பத்து மைக்ரோமீட்டர் அகலம்தான் இருக்கும். 40 மில்லிநொடியில் தடையற்ற நீர் ஒரு திசையில் 15 மைக்ரோமீட்டர் போய்விடும். ஓரத்தைத் தாண்டிய புள்ளி மறுபக்கத்தில் நுழையும்படி வைத்தால், அதற்கேற்ப இழைகளும் ஓரத்தில் பொருந்தியிருக்க வேண்டும். கட்டத்தைக் கணக்கிடும்போது மட்டும் சுற்றிவராத உண்மையான இருப்பிடத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆக்ஸான் தடிமன் என்ற ஆசை

மாணவர்கள் மிக விரும்பிக் கேட்கும் கேள்வி இது: டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.-யால் ஆக்ஸானின் தடிமனை அளக்க முடியுமா? சிமுலேஷன் தொடங்குமுன் ஒரு சூத்திரம் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. துடிப்பு நீளமாக இருக்கும்போது, உருளைக்குள் குறுக்குவாட்டில் சிக்னல் வீழ்ச்சியின் அடுக்கு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. கைரோமேக்னெடிக் விகிதத்தின் வர்க்கம், கிரேடியன்ட்டின் வர்க்கம், துடிப்பு நீளம், ஆரத்தின் நான்காம் படி ஆகியவற்றைப் பெருக்கி, விரவல் கெழுவால் வகுத்து, 48-இல் 7 பங்கால் பெருக்க வேண்டும். நியூமன் 1974-இல் காட்டிய எல்லை இது.

80 மில்லிடெஸ்லா கிரேடியன்ட், 20 மில்லிநொடித் துடிப்பு, விரவல் கெழு 2. ஆரம் 0.5 மைக்ரோமீட்டர் என்றால் வீழ்ச்சி 0.004 சதவீதம். நடைமுறையில் கிடைக்கும் எந்த இரைச்சல் விகிதத்திலும் இது தெரியாது. ஆரம் 3 என்றால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல், இது தெரியும். மனித மூளையின் கார்ப்பஸ் கலோசத்தில் பெரும்பாலான ஆக்ஸான்களின் விட்டமே 1 மைக்ரோமீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. சாதாரண ஸ்கேனருக்கு அவை தடிமனற்ற குச்சிகள். 300 மில்லிடெஸ்லா கிரேடியன்ட் கொண்ட கனெக்டோம் ஸ்கேனரில் வீழ்ச்சி 14 மடங்கு பெருகும், அப்போதும் 0.5 ஆரத்துக்கு 0.06 சதவீதம்தான்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வாக்ஸல் தரும் ஒற்றை எண் சாதாரண சராசரியாக இருக்காது. ஆரங்களின் ஆறாம் படிச் சராசரியை இரண்டாம் படிச் சராசரியால் வகுத்து, நான்காம் மூலம் எடுத்ததுதான் அந்த எண். 99 ஆக்ஸான்களின் ஆரம் 0.5, ஒன்றே ஒன்றின் ஆரம் 3 என்று வைத்துக் கணக்கிடுங்கள். விடை 2.16 மைக்ரோமீட்டர். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேரை அந்த எண் பிரதிநிதித்துவப்படுத்தவே இல்லை. இதனால் சிமுலேஷனுக்கு நேரடி விளைவு உண்டு. ஆரங்களைக் காமா பரவலிலிருந்து எடுத்து நூறு உருளைகளை அடுக்கினால், பரவலின் நீண்ட வாலில் உள்ள பெரிய ஆக்ஸான் ஒன்றுகூட வராமல் போகலாம். வந்தால் அது ஒன்றே முடிவை ஆளும். 2 மில்லிமீட்டர் வாக்ஸல் ஒன்றின் குறுக்குவெட்டில் உண்மையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் இருக்கக்கூடும். ஆகவே பல தனித்தனி அடுக்குகளை உருவாக்கி முடிவுகளைச் சேருங்கள். ஒரே அடுக்கிலிருந்து தடிமனைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நேரான உருளைகளையும் தாண்டிப் போக வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. நிஜ ஆக்ஸான் நெளிகிறது, இடையிடையே உப்புகிறது. நெளிவு ஒரு மெல்லிய ஆக்ஸானைத் தடித்ததுபோலக் காட்டிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து எடுத்த முப்பரிமாண ஆக்ஸான் வடிவங்களுக்குள் நீரை அலையவிடும் ஆய்வுகள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருப்பது இதனால்தான். அதற்கு ஆர்.எம்.எஸ். பொருத்தமானது. சுவர்களைக் கண்ணிவலையாகக் கொடுத்து, புள்ளிகளை அலையவிடாமல் பிளாக்-டாரி சமன்பாட்டையே எண்முறையில் தீர்க்கும் ஸ்பின்டாக்டர் என்ற மாட்லாப் நிரலும் இருக்கிறது. அதில் சமவாய்ப்பு இரைச்சல் வராது என்பதால், சிறு வித்தியாசங்களைத் தேடும் வேலைக்கு நல்ல துணை.

முழு மூளை அளவில்

இழைத்தடம் வரையும் முறைகளைச் சோதிக்க ஒரு வாக்ஸல் போதாது. அங்கே ஃபைபர்ஃபாக்ஸ் பயன்படும். ஹைடல்பெர்கிலுள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் உருவான இது, கற்றைகளின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, வாக்ஸல்தோறும் சிக்னலைக் கணக்கிட்டு, ஸ்கேனர் படத்தை எடுக்கும் முறையையே நடித்துக் காட்டுகிறது. தலை அசைவு, சுழல் மின்னோட்டச் சிதைவு, பேய்ப் பிம்பம் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். 2015-இல் நடந்த சர்வதேச இழைத்தடச் சவாலுக்கு 25 கற்றைகள் கொண்ட மூளைத் தரவு இதில்தான் செய்யப்பட்டது. 20 குழுக்கள் 96 விடைகளை அனுப்பின. உண்மையான கற்றைகளில் பெரும்பாலானவற்றை ஓரளவுக்கேனும் அவை கண்டுபிடித்தன. ஆனால் இல்லாத கற்றைகளை அதைவிட அதிகமாகக் காட்டின. நோயாளியின் மூளையில் அறுவைக்குத் திட்டமிடும் இடங்களில் இந்தத் தடங்கள் பயன்படுவதால், 2017-இல் வெளியான அந்த முடிவு துறையையே உலுக்கியது. எந்த நிஜ ஸ்கேனாலும் அதைக் காட்டியிருக்க முடியாது. விடை முன்பே தெரிந்திருந்ததால்தான் தவறுகளை எண்ண முடிந்தது.

உங்கள் மாதிரியை உங்கள் மாதிரியாலேயே சோதிக்காதீர்கள்

இந்தத் துறையில் நான் மிகக் கடுமையாக எதிர்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு மாதிரியின் சூத்திரத்தால் சிக்னலை உருவாக்கி, கொஞ்சம் இரைச்சல் தூவி, அதே சூத்திரத்தைப் பொருத்தி, “என் முறை உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது” என்று எழுதுவது. நிரலில் பிழையில்லை, இரைச்சலை அது தாங்குகிறது என்பது வரை அதில் தெரியும். மாதிரி மூளைக்குப் பொருந்துமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

நோடி மாதிரியை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்தது, மருத்துவ ஆய்வுகளில் மிகப் பரவலாகப் பயன்படுகிறது. ஆக்ஸான்களைத் தடிமனற்ற குச்சிகளாகப் பார்க்கிறது. இழை நெடுக்கான விரவல் கெழுவை 1.7 என்று நிலைநிறுத்துகிறது. வெளிப்பக்கக் குறுக்கு விரவலை அடர்வோடு கட்டிப்போடுகிறது. இதைச் சோதிக்க வேண்டுமானால், மான்டே கார்லோவில் விரவல் கெழுவை 2.2 என்று வையுங்கள். உருளைகளைக் கொஞ்சம் நெளியவிடுங்கள். வரும் சிக்னலுக்கு நோடியைப் பொருத்துங்கள். உள்பங்கு எவ்வளவு தவறுகிறது, இழைத்திசைகளின் சிதறல் குறியீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைபடம் போடுங்கள். அந்த வரைபடம், நோயாளிகளில் உள்பங்கு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வைப் படிக்கும் எவருக்கும் பயன்படும். உள்பங்கு மாறியதா, அல்லது விரவல் கெழு மாறி உள்பங்குபோல வேடமிட்டதா என்று கேட்க அது கற்றுத்தரும்.

சிமுலேஷன் முடிவுகளைக் கட்டுரையாக்கும்போது, படி நீளம், புள்ளிகளின் எண்ணிக்கை, இழை அடுக்கு, துடிப்பு நேரங்கள், இரைச்சல் வகை, சமவாய்ப்பு எண்களின் தொடக்க மதிப்பு ஆகிய ஆறையும் தவறாமல் எழுதுங்கள். இழை அடுக்கின் கோப்பையும் நிரலையும் சேர்த்தே வெளியிடுங்கள். இன்னொருவர் அதை ஓட்டி அதே எண்ணைப் பெற முடிந்தால்தான் உங்கள் வேலை முடிந்தது.